சிற்றூர்தியிற் பேரெஞ்சின்

சென்ற கோடை விடுமுறையில் எம் நண்பரொருவர், தம் தந்தையார் பாற்பாத்திரம் ஏற்றிச் செல்லும் பழைய 50 சி.சி. மொப்பெட்டின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, இரும்புக்கடையில் வாங்கிய 100 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சினை அதிற் பொருத்தினார். ஓரிரவில் வேலை முடிந்தது. மறுநாள் ஓசூரிலிருந்து சூளகிரி நோக்கிப் பறந்தோம், மெய்யாகவே பறந்தோம். இறக்கமொன்றில் லாரி குறுக்கிட, பிரேக்கை இறுகப் பற்றியும் வண்டி நில்லாது, சாலையோர மணற்குவியலுட் புகுந்தே நின்றது.

தமிழ் பயில்வார்க்கு எஞ்சினில் என்ன வேலை என்று நகைக்கும் நண்பர்காள், அளவடி வேண்டிய வெண்பாவுள் நெடிலடியைத் திணித்தால் என்னாகுமென்று எம்மைக் கேளுங்கள்.

இவ்வூர் இளைஞர் பலர் தம் செயலுக்குத் தொழிற்சாலையையே சான்று காட்டுகின்றனர். ஓசூர் டி.வி.எஸ். தொழிற்சாலையினின்று 1980இல் வெளிவந்த மொப்பெட்டின் எஞ்சின் 50 சி.சி. அளவினது. அதன் வழிவந்த எக்ஸ்.எல். சூப்பருக்கு ஏறக்குறைய 70. 2015இல் வந்த எக்ஸ்.எல். 100க்கு 99.7. "அவர்கள் பெருக்கலாம், யாங்கள் பெருக்கலாகாதா?" என்பது அவர்தம் வினா. வினா நன்று, ஆனால் கணக்கைப் பாதியே பார்த்தனர். பின்னிரண்டனுள் எஞ்சின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெருத்தும், ஆற்றல் மூன்றரைக் குதிரைத்திறனளவினின்று நான்கிற்குச் சற்று மேலே மட்டும் ஏறிற்று. காரணம் யாதெனின், முந்தைய இருவீச்சு எஞ்சினில் அச்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் எரியும். நால்வீச்சிலோ இரு சுற்றுக்கு ஒருமுறையே. புகையைக் குறைக்க நால்வீச்சுக்கு மாறுங்கால், கொள்ளளவைப் பெருக்கினாலன்றிப் பழைய வலுவும் கிட்டாது. அவர்கள் பெருக்கியது மூட்டை சுமத்தற்கு. எம் நண்பர் பெருக்கியது விரைவுக்கு.

விரைவின் கணக்கோ கொடிது. மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி 60இல் சென்றால், அதே பிரேக்கைக் கொண்டு நிறுத்த இரண்டேகால் மடங்கு தூரம் வேண்டும். பழைய மொப்பெட்டின் சிறு டிரம் பிரேக்கும் மெல்லிய குழாய்ச் சட்டகமும் இதற்கு எண்ணிச் செய்யப்பட்டனவல்ல.

அரசுச் சட்டமும் இடந்தராது. உற்பத்தியாளர் வரையறைக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாதென உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒப்புதலின்றி இவ்வாறு மாற்றும் உரிமையாளர்க்கு ஆறு திங்கள் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டுமே. பதினாறு வயதினர் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியே ஓட்டலாம் என்னும் விதியும் உண்டு. நண்பரின் தம்பிக்கு வயது பதினாறு. சாவி தொங்கும் ஆணியோ அவன் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது.

எஞ்சினைத் தொடவே கூடாதென்று யாம் சொல்லோம். கழற்றிப் பூட்டிப் பழகிய கைகளாலன்றோ இத்தொழிலூர் பிழைக்கின்றது? பழகுவோர் பட்டறையிற் பழகுக; ஓட்டிப் பார்ப்போர் மூடிய திடலில் ஓட்டுக; அதற்கு முன்னரே பிரேக்கைக் கவனிக்க. நண்பர் இப்பொழுது பெரிய டிரம் ஒன்றைத் தேடி அலைகின்றார். கிடைத்தது முன்சக்கரத்திற் பொருந்தவில்லை. தந்தையார் பால் கொண்டு செல்வதற்குப் பழைய எஞ்சினே மீண்டும் ஏறியிருக்கின்றது.