ஃபிட்டா இருந்தவருக்கு எப்படி?

கான் டி லாங்கே. பேரைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஸ்காட்லாந்துக்காக ஆடிய இடக்கை ஸ்பின்னர்.

2017 ஜூன், எடின்பரோ. ஜிம்பாப்வேக்கு எதிரா 60 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். டெஸ்ட் ஆடும் நாடு ஒன்றை ஸ்காட்லாந்து ஒருநாள் போட்டியில் வென்றது அதுதான் முதல்முறை.

இரண்டு வருஷம்கூட ஆகல. 2019 ஏப்ரலில் மூளைக்கட்டியால் இறந்துட்டார். வயசு 38.

இப்படி யாராவது போனா உடனே விசாரணை ஆரம்பிச்சிடுறோம். "என்ன சாப்பிட்டாரோ, செல்போன் அதிகமா பாத்திருப்பாரோ?" நோயாளி மேல ஒரு தப்பு கிடைச்சா நமக்கு வராதுன்னு ஒரு ஆறுதல், அவ்வளவுதான்! ஏற்கெனவே நொறுங்கிப் போன குடும்பத்துக்கு அது இன்னொரு அடி. மூளையிலேயே தோன்றும் கட்டிகள்ல பெரும்பாலானவற்றுக்கு இன்னதுதான் காரணம்னு எங்களாலயே சொல்ல முடியாது. உடற்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ரொம்ப நல்லது, விடாதீங்க. ஆனா இதைத் தடுக்கும்னு உத்தரவாதம் இல்ல.

விசாரணையை விட்டுட்டு இதைக் கவனியுங்க. காலையில் எழும்போதே தலைவலி, கூடவே வாந்தி, வாரா வாரம் கூடிக்கிட்டே போகுதா? வலிப்பே வராத பெரியவருக்கு முதல்முறையா வலிப்பா? ஒரு பக்கம் கை கால் தளருதா, பேச்சு குழறுதா?

கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீங்க. வலிப்பு, திடீர்னு வர்ற தளர்ச்சி, பேச்சுக் குழறல்னா உடனே ஆஸ்பத்திரி. மத்ததுக்கு இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. பெரும்பாலான தலைவலி கட்டி இல்லைங்கிறதையும் சேர்த்தே சொல்லிடுறேன்.