திருப்பூரிடம் கற்கலாம்



உதவியாகக் கிடைத்த தையல் இயந்திரத்துடன் தனியே போராடும் பெண்களைக் களப்பணியில் நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுக்காகவே தமிழ்நாட்டின் திருப்பூரைப் பற்றி எழுதுகிறேன்.

பின்னலாடை ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற அந்நகரில் பல நிறுவனங்கள் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. விவசாயக் குடும்பங்களில் பிறந்து, பனியன் கம்பனிகளில் தொழிலாளராக இருந்து முதலாளிகளானோர் பலர். சகோதரரும் உறவினரும் கூட்டாக முதலிட்டனர். எல்லா வேலையையும் ஒருவரே செய்வதில்லை. ஒருவர் துணி பின்ன, இன்னொருவர் சாயமிட, வேறொருவர் தைத்துக் கொடுக்கிறார். அதனால் சில இயந்திரங்களுடனேயே தொழில் தொடங்க முடிந்தது.

மறுபக்கமும் உண்டு. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தையலில் பெண்கள் பெருமளவில் உழைத்தாலும், நிறுவனங்களின் உரிமை பெரும்பாலும் ஆண்களிடமே இருக்கிறது.

இந்த இரண்டு பக்கத்தையும் நாம் மனதில் வைக்க வேண்டும். அயலில் நான்கைந்து பேர் சேருங்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் தெறி வைக்கட்டும். யார் எத்தனை உடுப்புத் தைத்தார் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் தொழிலைப் பதியும்போது, கணவர் அல்லது சகோதரர் பெயருடன் நின்றுவிடாமல் உங்கள் பெயரையும் கட்டாயம் சேருங்கள்.