நோயை மறைத்து எடுக்கும் பாலிசி

மணவிருந்தில் இனிப்பை ஒதுக்கி வைப்பவர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருவதை நாம் எல்லோரும் பார்த்து வருகிறோம். 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுக்காரர்கள் என்று கணக்கிட்டது. இவர்களுள் எத்தனையோ பேர், ஒரு குடும்பத்துக்கே ஒற்றை ஆளாக உழைத்துச் சோறு போடுகிறவர்கள். ‘நாளை நமக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகளின் கதி என்ன?’ என்ற கவலை நோயாளிக்குத்தான் மிகுதியாக இருக்கும். ஆயினும் ஆயுள் காப்பீடு என்றதும், ‘சர்க்கரைக்காரனுக்கு எவன் தருவான்?’ என்று சிலர் கைவிட்டுவிடுகின்றனர். வேறு சிலர் நோயை மறைத்துப் பாலிசி எடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குகின்றனர். இந்த இரண்டாமவரைப் பற்றித்தான் நமக்கு அதிகக் கவலை.

காப்பீடே கூடுமா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இது இன்று நேற்று எழுந்த வினாவன்று. டமாஸ்கஸ் நகரின் ஹனஃபி சட்ட மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) 19-ஆம் நூற்றாண்டிலேயே கப்பல் சரக்குக் காப்பீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஜித்தாவிலுள்ள அனைத்துலக ஃபிக்ஹுப் பேரவை 1985-ல், வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் ‘கரர்’ எனும் நிச்சயமின்மை மிகுந்திருப்பதால் அது கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடுமென்றும் தீர்மானித்தது. சூடானிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் ‘தகாபுல்’ நிறுவனங்கள் தோன்றியது இவ்வழியில்தான். நம் நாட்டில் அத்தகைய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இல்லை. இந்திய உலமாப் பெருமக்களில் ஒரு சாரார் இந்நாட்டின் நிர்ப்பந்த நிலையைக் கருதி அனுமதிக்கின்றனர். மற்றொரு சாரார் தடுக்கின்றனர். அவரவர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்து கொள்வதே முறை. ஆனால் எடுப்பது என்று முடிவு செய்தவர் பொய் சொல்லி எடுக்கலாமா என்பதில் எந்த ஆலிமுக்கும் கருத்து வேற்றுமை இருக்க இடமில்லை.

பொய் எப்படி நுழைகிறது என்பதை நாம் கேட்டறிந்த வரையில் சொல்கிறோம். ஏஜெண்டு வீடு தேடி வருகிறார். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கிறது. “நீரிழிவு உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, மருந்து உட்கொள்கிறீரா?” என்ற கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. “பாய், உண்டென்று எழுதினால் டெஸ்ட் கேட்பார்கள், பிரீமியம் ஏறும். நான் பார்த்துக் கொள்கிறேன், நீங்கள் கையெழுத்தை மட்டும் போடுங்கள்” என்கிறார் அவர். எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று குறிக்கப்படுகிறது. கையெழுத்து நம்முடையது, ஆகவே வாக்குமூலமும் நம்முடையதே. பின்னாளில் ஏஜெண்டைத் தேடினால் அவர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்.

காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு 2015-ல் திருத்தப்பட்டது. அதன்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் எக்காரணம் கொண்டும் நிறுவனம் அதனைக் கேள்விக்குட்படுத்த இயலாது. ஆனால் அந்த மூன்றாண்டுக்குள் மரணம் நேர்ந்தால் நிறுவனம் மருத்துவமனைச் சீட்டுகளையெல்லாம் துருவிப் பார்க்கும். பழைய மாத்திரைச் சீட்டு ஒன்று அகப்பட்டாலும் தொகையை மறுத்துவிட வழியுண்டு. பாலிசி காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டிருந்தால் மூன்றாண்டுக் கணக்கு புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. ‘மூன்று வருடம் தப்பித்துவிட்டால் போதுமே’ என்று இதைப் படித்துவிட்டு யாரேனும் கணக்குப் போடுவார்களாயின் அவர்களுக்கு நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மலக்குல் மவ்த்திடம் தவணை வாங்கி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்கலாம்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை இங்கே அருகருகே வைத்துப் பார்ப்பது நலம். இரண்டும் மருத்துவக் காப்பீடு பற்றியவையெனினும் ஆயுள் காப்பீட்டுக்கும் அதே நீதிதான். 2009-ல் முடிந்த வழக்கில், நீரிழிவையும் சிறுநீரகக் கோளாறையும் மறைத்துப் பாலிசி எடுத்தவர் இறந்துபோனார். தொகையை மறுத்தது சரியே என்றது நீதிமன்றம். 2021 டிசம்பரில் வந்த மற்றொரு வழக்கில், வெளிநாடு சென்ற ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. நிறுவனம் பணம் தர மறுத்தது. அவரோ தமக்கு நீரிழிவு உண்டென்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நோயை அறிந்தே பாலிசி வழங்கிய பிறகு, அதே நோயைக் காட்டி மறுக்க முடியாதெனத் தீர்ப்பாயிற்று. முன்னவர் மறைத்த அதே நோய், எழுதிக் கொடுத்த பின்னவருக்குக் கேடயமாயிற்று.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்டு, வியாபாரியைக் கண்டித்த வரலாற்றை அறியாதார் நம்மில் இல்லை. மழையில் நனைந்தது அந்த வியாபாரியின் குற்றமன்று; நனைந்ததை அடியில் மறைத்ததே குற்றம். சர்க்கரை வியாதியும் அப்படித்தான்.

சரி, உண்மையைச் சொன்னால் கதவு அடைபடுமா? பெரும்பாலும் இல்லை. நிறுவனம் பார்ப்பது நோய் உண்டா என்பதை மட்டுமன்று, அது கட்டுக்குள் இருக்கிறதா என்பதையும்தான். எத்தனை வயதில் வந்தது, மாத்திரையா இன்சுலினா, சிறுநீரகமும் கண்ணும் இதயமும் நலமா, எடை என்ன, புகைப் பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ இரத்தப் பரிசோதனைக்கு அங்கே பெருமதிப்பு. அது நல்ல நிலையில் இருந்தால் பிரீமியத்தோடு ஒரு கூடுதல் தொகை சேர்த்துப் பாலிசி தருவார்கள். மோசமாக இருந்தால் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து வரச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் உணவைக் கட்டுப்படுத்தி, நாள்தோறும் நடந்து, மருந்தைத் தவறாமல் உட்கொண்டால் உடம்புக்கும் ஆதாயம், பிரீமியத்திலும் ஆதாயம். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்று ஏற்கக்கூடும். ஒவ்வொன்றின் அளவுகோலும் வெவ்வேறு. முன்பு ஒன்று மறுத்ததா என்று அடுத்த விண்ணப்பம் கேட்குமானால் அதையும் உள்ளபடி எழுதிவிட வேண்டும்.

மலிவு என்று பார்த்தால், முதிர்வுத் தொகையும் போனசும் தருவதாகச் சொல்லும் பாலிசிகளை விட்டு, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ‘டெர்ம்’ பாலிசியையே நாட வேண்டும். அதே பிரீமியத்தில் பன்மடங்கு தொகைக்குப் பாதுகாப்பு கிடைக்கும். வட்டி, போனஸ் பற்றிய மனச்சங்கடமும் குறையும். தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பது ஒரு சகாயம். அலுவலகம் தன் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் ஒரு வரம்பு வரை தனித்தனி மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. அது இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. வேலையை விட்டால் அது நின்றுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். எளிய குடும்பங்களுக்கு வங்கிகளின் வழியே நடக்கும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதித் திட்டம் உண்டு. 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், 55 வரை நீடிக்கலாம். ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய். மருத்துவப் பரிசோதனை இல்லை. சேர்ந்த முதல் 30 நாட்களுக்குள் விபத்தல்லாத மரணத்துக்குப் பணம் கிடையாது. படிவத்தில் கேட்டதற்கு இங்கும் உண்மையே பதில்.

‘தவக்குல் வைத்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்பாருக்கு ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களை நினைவூட்டுகிறோம். ஹிஜ்ரி 10-ல் மக்காவில் கடும் நோயுற்று, இனிப் பிழைப்பரிது என்றெண்ணித் தம் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டார்கள். பெருமானார் (ஸல்) மறுத்து, மூன்றில் ஒன்றே அதிகம் என்றார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதினும் அவர்களை வசதியோடு விட்டுச் செல்வதே சிறப்பு என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த நோயாளி எழுந்து, காதிஸிய்யாப் போருக்குத் தலைமை தாங்கி, கூஃபா நகரை நிறுவி, இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

பாலிசிப் பத்திரம் கைக்கு வந்ததும் அதனுடன் இணைந்திருக்கும் விண்ணப்ப நகலைத் தமிழறிந்த, ஆங்கிலமும் அறிந்த பிள்ளை ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படிக்கச் செய்ய வேண்டும். உள்ளே ‘இல்லை’ என்று பொய் எழுதப்பட்டிருந்தால் திருத்தும்படி உடனே எழுத்து மூலம் கேட்கலாம். வேண்டாமென்றால் 30 நாட்களுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தந்து, சிறு கழிவு போகக் கட்டிய பணத்தைப் பெறலாம். நியாயமான தொகை மறுக்கப்பட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள், கட்டணமின்றி முறையிடலாம். நாமினியாக ஒருவர் பெயரை மட்டும் எழுதாமல், பாகப்பிரிவினைச் சட்டத்தை ஆலிமிடம் கேட்டு, மனைவி, மக்கள், பெற்றோர் பெயர்களைப் பங்கு விகிதத்துடன் எழுதவும் இடமுண்டு. பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை மனைவியிடம் இன்றே சொல்லி வையுங்கள். இத்தாவில் இருக்கும் பெண் அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.