ஆளில்லாத் தீவுகள் தரிசு அல்ல

கரிசல் காட்டில் கோடை பிறந்துவிட்டால் ஆட்டுக்கிடைக்குத் தேவை கூடிவிடும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் அறுவடை முடிந்த புஞ்சையில் கிடை மறிக்கச் சொல்லி விவசாயிகள் கீதாரிகளிடம் முன்கூட்டியே பேசிவைப்பார்கள். ஆடுகள் பகலெல்லாம் ஓடைக்கரை, கண்மாய்ப் பரப்பு, தரிசு என மேய்ந்துவிட்டு வரும். இரவில் அவற்றின் புழுக்கையும் மூத்திரமும் ஒரே நிலத்தில் விழும். ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் சத்தை ஒரு புஞ்சையில் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு இது. கிடையைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், பெருங்கடல் தீவுகளில் கடற்பறவைகள் செய்யும் வேலையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது அது எனக்குப் பழகிய செய்தியாகவே தோன்றியது. அந்தப் பறவைகள் கடலில் மேய்ந்து தீவில் கிடை போடுகின்றன. கிடைக்குக் கூலி கேட்கக் கீதாரி இருக்கிறார். அங்கே கேட்க யாரும் இல்லை. ஆகவே, அந்த வேலை எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

லட்சத்தீவிலும் அந்தமான்-நிக்கோபாரிலும் சுற்றுலா, துறைமுகம், விமான நிலையம் என்று பெருந்திட்டங்கள் வரிசைகட்டி நிற்கும் காலம் இது. ஆள் குடியில்லாத தீவுகளும் திட்ட வரைபடங்களில் இடம்பெறத் தொடங்கிவிட்டன. அந்தத் தீவுகளில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்பதை இப்போதாவது கேட்டாக வேண்டும்.

சாகோஸ் காட்டும் கணக்கு: படகில் புறப்பட்ட ஈழத் தமிழர்கள் சிலர் 2021 அக்டோபரில் டியகோ கார்சியா தீவில் ஒதுங்கி, மூன்றாண்டுகளுக்கும் மேலாக அங்கே சிக்கித் தவித்தார்கள். சாகோஸ் தீவுக்கூட்டத்தின் பெயர் நமக்குப் பழக்கமானது அப்படித்தான். அதே சாகோஸில் எலிகள் உள்ள ஆறு தீவுகளையும் எலிகள் இல்லாத ஆறு தீவுகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ‘நேச்சர்’ இதழில் 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு அதிகம். பறவை எச்சத்தின் வழியாக அத்தீவுகளில் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு அதிகம். அந்தச் சத்து மழையிலும் அலையிலும் கரைந்து பவளத்திட்டுகளைச் சென்றடைகிறது. அங்கே வாழும் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் கூடுதலாக இருந்தது.

தொலைதூரத் தீவுகளில் தரையில் ஓடி வேட்டையாடும் பாலூட்டிகள் இல்லாத காலத்தில் உருவான பழக்கம் கடற்பறவைகளுடையது. அவை வெட்டவெளியில், மணலிலோ பாறையிலோ முட்டையிடும். கப்பலோடு வந்திறங்கிய எலிக்கும் பூனைக்கும் அந்த முட்டையும் குஞ்சும் எளிய இரை. எலி வந்த தீவிலிருந்து பறவை மறைகிறது; கிடை நின்றுபோகிறது; கடைசியில் கடலுக்குள் இருக்கும் மீன் குறைகிறது. ஓரிடத்தில் எலியை விட்டால் இன்னோரிடத்தில் மீனவரின் வலை இளைக்கிறது.

பிட்டி என்னும் மணல்மேடு: நம் நாட்டில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு லட்சத்தீவின் பிட்டி. கவரத்திக்கு வடமேற்கே சுமார் 24 கி.மீ. தொலைவில் உள்ள இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 1.2 ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கர். கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு சிறு விவசாயியின் புஞ்சை அவ்வளவு இருக்கும். குடிநீர் கிடையாது, மரம் கிடையாது. ‘சூட்டி டெர்ன்’ எனப்படும் கரிய முதுகு ஆலா, பழுப்பு நிற நாடி ஆலா, பெரிய கொண்டை ஆலா ஆகியவை கூடி முட்டையிடும் இடம் அது. காங்கிரஸ் இயக்கத்தைத் தொடங்கிய ஏ.ஓ. ஹியூம் ஒரு பறவையியலாளரும்கூட. லட்சத்தீவின் பறவைகளை 1875-லேயே அவர் நேரில் சென்று பதிவு செய்தார்.

கரிய முதுகு ஆலாவின் வாழ்க்கை வியப்பானது. அதன் இறகு நீரைத் தாங்காது என்பதால் அது கடலில் மிதந்து இளைப்பாறுவதில்லை. கூட்டைவிட்டுப் பறந்த இளம்பறவை பல ஆண்டுகளை வானத்திலேயே கழித்துவிட்டு, முட்டையிடத்தான் தரைக்கு வருகிறது. இடுவதோ ஒரே ஒரு முட்டை. அது பொரிய ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம். இந்த மூன்று மாதத்துக்குத்தான் அதற்கு நிலம் வேண்டும். ஆனால், அந்த மூன்று மாதம் கெட்டால் அந்த ஆண்டே கெட்டது. லட்சத்தீவு மீனவர்கள் சூரை மீன் கூட்டத்தைக் கண்டுகொள்வதும் கடல்மேல் வட்டமிடும் இப்பறவைகளை வைத்துத்தான். பறவை தேய்ந்தால் அவர்களுக்கு வழிகாட்டியும் தேய்கிறது.

பிட்டியும் அதைச் சுற்றிய கடலுமாக 62 சதுர கி.மீ. பரப்பு, 2020-ல் பி.எம். சயீது கடற்பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆயினும் ‘காப்பகம்’ என்பது சட்டத்தில் சரணாலயத்தைவிடத் தளர்வான வகை. அதற்கான நிர்வாகக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்புதான் உண்டு. இன்னொரு பக்கம், கடலும் நெருக்குகிறது. பங்காரம் பவளத்தீவு வட்டத்தில் இருந்த பரளி-1 என்னும் ஆளில்லாத் தீவு முழுமையாக அரிக்கப்பட்டு மறைந்துவிட்டதை 2017-ல் வெளியான ஓர் ஆய்வு உறுதிசெய்தது. பிட்டியும் அப்படிப்பட்ட மணல்மேடுதான்.

கைவிடப்பட்ட காகிதம்: அறிவிப்பு மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்குப் பெரிய நிக்கோபார் சாட்சி. அங்குள்ள கலாத்தியா விரிகுடா 1997-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. துறைமுகத் திட்டத்துக்காக அந்த அறிவிப்பை விலக்கிக்கொள்ள 2021 ஜனவரியில் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு இசைந்தது. 2022 நவம்பரில் 166 சதுர கி.மீ. பரப்பிலான திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. தோல்முதுகு ஆமை முட்டையிடும் கரை அது. மணலையும் இலைச் சருகையும் மேடாகக் குவித்து, அந்தச் சூட்டில் முட்டையைப் பொரிக்கவிடும் நிக்கோபார் மெகபோடு என்னும் பறவையும் அங்கே உண்டு. அது கடற்பறவை அல்ல. ஆனால் கரையோர நிலத்தை நம்பி வாழ்வதில் ஆலாவுக்கு உறவு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய கணக்கெடுப்பில் அதன் எண்ணிக்கை சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. எழுந்து நிற்க முயலும் உயிரின்மீது அடுத்த சுமையை ஏற்றுகிறோம்.

சொல்லில் தொடங்கும் அழிவு: இவ்வளவு எளிதாக இது நடப்பதற்கு ஒரு சொல்லே காரணம் என்று நினைக்கிறேன். கரிசல் மண்ணில் அந்தச் சொல்லின் வலிமையைக் கண்ணால் கண்டவன் நான். மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலமும் சீர்கெட்ட மேய்ச்சல் நிலமும் ‘பயனற்ற நிலம்’ என்ற கணக்கில் வருகின்றன. கீதாரியின் ஆடு மேய்ந்த இடம், மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் இரவு தங்கும் இடம், இந்தக் கணக்கில் வெற்றிடம். ஒருமுறை அப்படி எழுதிவிட்டால், சீமைக் கருவேலம் பரவினாலும் சூரியத் தகடுகள் விரிந்தாலும் எதையோ இழந்தோம் என்ற எண்ணமே எழுவதில்லை. அதே மாவட்டத்தில் 1987-ல் வல்லநாட்டுக் குன்றுகளை வெளிமான்களுக்கென ஒதுக்கியதால்தான் அந்த மான்கள் இன்றும் ஓடுகின்றன. நிலம் ஒன்றுதான், அதற்கு நாம் வைத்த பெயர் வேறு. ‘ஆளில்லாத் தீவு’ என்பதும் கடலுக்குப் போன ‘தரிசு’தான்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லட்சத்தீவில் மக்கள் குடியிருக்கும் தீவுகள் பத்து. மொத்த நிலம் 32 சதுர கி.மீ. மட்டுமே. தென்னையும் சூரை மீனும் தவிர வருமானத்துக்கு வழி குறைவு. அந்த இளைஞர்களிடம் ‘பறவைக்காகக் காத்திருங்கள்’ என்று கோவில்பட்டியில் உட்கார்ந்து நான் சொல்வது நியாயமாகாது. சூரிய மின்திட்டக் குத்தகைப் பணத்தால் கடனை அடைத்த கரிசல் விவசாயிகளை நானே அறிவேன். சுற்றுலா வரட்டும், குடியிருப்புள்ள தீவுகளில், அம்மக்களின் கைக்கு வருமானம் சேரும் வகையில் வரட்டும். சுஹேலி போன்ற ஆள் குடியில்லாத தீவுகளில் தங்கும் விடுதிகள் அமைக்கும் யோசனைதான் கவலை தருகிறது. விடுதி வந்தால் சரக்குப் படகு வரும். படகோடு எலி வரும். லட்சத்தீவில் தென்னையைப் பாழாக்கும் முதன்மையான எதிரிகளில் ஒன்று எலி என்பதை அங்குள்ளோர் நன்றாக அறிவார்கள்.

தடுப்பது மலிவு: எலி ஏறிய தீவை மீட்பதற்கு ஆகும் செலவைத் தென் அட்லாண்டிக்கின் சவுத் ஜார்ஜியாவில் பார்த்தோம். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2018-ல் அத்தீவு எலியற்றதாக அறிவிக்கப்பட்டது. செலவு சுமார் ஒரு கோடி பவுண்டு. அதே கடலிலுள்ள காஃப் தீவில் அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு தின்னும் சுண்டெலிகளை ஒழிக்க 2021-ல் எடுத்த முயற்சி வெற்றி பெறவில்லை. வரவிடாமல் தடுப்பதற்கு வேண்டியது ஒரு சோதனையும் ஒரு விதியும்தான்.

ஆகவே, செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கடற்பறவை முட்டையிடும் திட்டுகள் அனைத்தையும் லட்சத்தீவு, அந்தமான், மன்னார் வளைகுடா என்று பட்டியலிட்டு ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும். இனப்பெருக்க மாதங்களில் அங்கே கரையேறுவதையும், எந்த மாதத்திலும் இரவு தங்குவதையும் தடை செய்ய வேண்டும். தீவுத் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் எலி, பூனை வரவைத் தனித் தலைப்பாக்க வேண்டும். காவலுக்குப் பறவையை நம்பும் சூரை மீனவர்களையே ஊதியத்துடன் அமர்த்தலாம். தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளின் இலங்கைப் பகுதியை அந்நாடு 2015-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கியது. எல்லை அறியாத ஆலாக்களுக்காக இரு நாடுகளும் சேர்ந்து அங்கே கணக்கெடுக்க முடியும்.

நம்மால் முடியுமா என்று ஐயுறுவோர் தூத்துக்குடிக் கடலைப் பார்க்கட்டும். சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போயின. வான் தீவும் மூழ்கும் நிலைக்கு வந்தது. அதைச் சுற்றி 2015 முதல் தமிழ்நாடு அரசு செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கியது. அரிப்பு தணிந்து, தீவு இன்னும் நீர்மேல் நிற்கிறது. அது இருப்பது கோவில்பட்டியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்ச்சேரும் தூத்துக்குடிக் கரைக்கு எதிரே. வானுக்குச் செய்ததைப் பிட்டிக்கும் செய்யலாம். அதற்கு முதலில், அந்த மூன்று ஏக்கரில் நடக்கும் கிடையை நாட்டின் கணக்கில் ஒரு வரியாகவாவது எழுத வேண்டும்.