மடித்துப் பாராத சர்வசமம்

என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் வெளியிட்ட பாடக்குறைப்புப் பட்டியலில் ஆறாம் வகுப்பின் சமச்சீரும், ஏழாம் வகுப்பின் முக்கோணச் சர்வசமமும், இரு வகுப்புகளின் செய்முறை வடிவியலும் முழுப் பாடங்களாகவே நீக்கப்பட்டதை இவ்விதழ் ஏற்கவில்லை. தொற்றுக்காலத்தில் பள்ளி நாள்களை இழந்த பிள்ளைகளின் சுமையைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கு அபிப்பிராய பேதமில்லை. எதை இறக்கி வைப்பது என்பதிலேதான் பேதம்.

மேல்வகுப்பில் மீண்டும் வருவதை நீக்கலாம் என்பது என்.சி.இ.ஆர்.டி. வகுத்துக்கொண்ட அளவுகோல்களுள் ஒன்று. சர்வசமம் ஒன்பதாம் வகுப்பில் வருவது மெய்யே. ஆயினும் அங்கே அது நிரூபணத்தின் கருவியாக வருகிறதேயன்றி, உருவத்தை நகர்த்தியும் சுழற்றியும் புரட்டியும் மற்றொன்றின்மேல் பொருத்திக் காணும் பிரத்தியட்ச அனுபவமாகப் பெரும்பாலும் வருவதில்லை.

இணைகரத்தையே எடுத்துக்கொள்வோம். மூலைவிட்டத்தில் மடித்தால் இரு பாதிகளும் பொருந்தும் என்றே பிள்ளைகளில் பலர் முதலில் சொல்வர். மடித்ததும் முனைகள் விலகி நிற்கக் கண்டு திகைப்பர். பின்னர் மூலைவிட்டத்தின் வழியே வெட்டி, அதன் நடுப்புள்ளியைப் பற்றி ஒரு பாதியை 180° சுழற்ற, அது மற்றதன்மேல் இம்மியும் பிசகாமல் அமர்வதைக் கண்டபோது, சர்வசமம் வேறு, சமச்சீர்க்கோடு வேறு என்பது அவர்களுக்குத் தானே விளங்கிவிடும். இதைக் கண்டிராத பிள்ளைதான் பக்கம்-கோணம்-பக்கம் (ப-கோ-ப) என்ற சர்வசம விதியை வாய்ப்பாடாக ஒப்பித்துவிட்டு, இடையில் அமையாத கோணத்தைக் கொண்டு சர்வசமத்தை நிறுவ முற்படுகிறது.

இந்தக் கைவேலை நமக்குப் புதிதன்று. 1893-இல் சென்னையில் சுந்தர ராவின் காகித மடிப்பு வடிவியல் நூல் வெளிவந்தது. உருமாற்றங்களையே வடிவியலின் ஆதாரமாக 1872-இல் எடுத்துரைத்த கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன், அந்நூலைத் தம் நூலில் குறிப்பிட்டுச் சிறப்பித்தார். அவ்வளவு கீர்த்தி பெற்ற முறைக்கு இங்கே கிடைத்திருக்கும் மரியாதைதான் என்ன? டிரேசிங் தாளும் கண்ணாடித் துண்டும் வகுப்பறை உபகரணங்களில் சேர வேண்டும் என்று நாம் எழுதிய மனுக்களுக்கு, பரீட்சையில் கேட்க இயலாததற்குச் செலவு எதற்கு என்ற தோரணையிலேயே பதில் வந்தது. காகிதத்தைக் கையில் எடுத்துப் பாராதவர்கள் மேசையிலிருந்தபடி வெட்டினால், கையால் செய்யும் பாடங்களே முதலில் விழும்.

பட்டியல் பரீட்சையைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். வகுப்பறையில் காகிதம் மடிப்பதை அது தடுக்கவில்லை. ஆகவே ஆறிலும் ஏழிலும் சில பாடவேளைகளையேனும் இதற்கு ஒதுக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாளில் காணப்போகும் பிழைக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்ல வரப்போவதில்லை. அது நம் தலையிலேதான் விடியும்.