விமானிக்குக் கண்

விமானமோட்டக் கற்க விரும்பும் என் பழைய மாணவனொருவன், மருத்துவப் பரிசோதனைக்கென, 1917இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட நிறப்புள்ளிப் படங்களின் எண்களை மனனஞ் செய்துகொண்டு வந்தான். “கண்ணாடி அணிந்தவனென்றும் தள்ளிவிடுவார்களோ, ஐயா?” என்றான்.

கண்ணாடிக்கு அஞ்சவேண்டியதில்லை. அனைத்துலக விதி கேட்பது ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இருகண்ணுஞ் சேர்ந்து 6/6. கண்ணாடியுடன் அதனை எய்தினாலும் போதும். முதல்நாளிரவு நன்றாக உறங்கிச் செல்வதே ஆயத்தம்.

நிறப்பார்வையோ பயிற்சியால் வருவதன்று. ஓடுபாதையருகே நான்கு விளக்குகள் உள. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பாகத் தெரிந்தால் இறங்கும் சரிவு சரி. நான்குஞ் சிவந்தால் விமானம் மிகத் தாழ்ந்துவிட்டது. அவற்றை மனனஞ் செய்வதெங்ஙனம்?

நூலை வாங்கி, நடுவிலொரு படத்தைத் திறந்து காட்டினேன். நெடுநேரம் நோக்கினான்.

“இது எத்தனையாம் படம், ஐயா?” என்று கேட்டான்.