வில்லேஜ் ஃபார்ம்ஸ் நிறுவனத்தின் நிதிநிலையும் எதிர்காலமும்

வில்லேஜ் ஃபார்ம்ஸ் இன்டர்நேஷனல் என்பது பைங்குடில்களில் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி ஆகிய காய்கறிகளையும், அண்மைக் காலமாகக் கஞ்சாவையும் பயிரிட்டு விற்கும் ஒரு வட அமெரிக்க நிறுவனம் ஆகும். இதன் தலைமை அலுவலகம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலும், முதன்மையான கஞ்சா உற்பத்திக் கூடங்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள டெல்டா நகரிலும் அமைந்துள்ளன. 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இழப்பைக் கண்ட இந்நிறுவனம், 2025 ஆம் ஆண்டில் தன் காய்கறித் தொழிலின் பெரும்பகுதியைப் பிரித்துக் கொடுத்த பின்னர் இலாபத்துக்குத் திரும்பியது.

பைங்குடில் என்பது கண்ணாடியாலோ நெகிழியாலோ மூடப்பட்டு, உள்ளே வெப்பம், ஈரப்பதம், ஒளி, கரியமில வாயு ஆகியவை கட்டுப்படுத்தப்படும் பயிர்க்கூடம் ஆகும். குளிர் நாடுகளில் ஆண்டின் பெரும்பகுதி காய்கறி விளைவிக்க இது உதவுகின்றது.

பின்னணி

இந்நிறுவனத்தின் பைங்குடில் தொழில் 1989 ஆம் ஆண்டில் தொடங்கியது. மைக்கேல் டிஜிக்லியோ இதன் தலைமைச் செயல் அலுவலராக நீண்ட காலம் இருந்து வருகின்றார். டெல்டா நகரில் மூன்று பெரிய பைங்குடில்களும், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேறு சில பைங்குடில்களும் நிறுவனத்துக்கு உரிமையாயிருந்தன. பேரங்காடிகளுக்குக் காய்கறி வழங்குவதே முதன்மைத் தொழில்.

இத்தொழிலில் இலாபம் மிகக் குறைவு. பைங்குடிலைச் சூடாக்கும் இயற்கை எரிவாயு, கூலி, சரக்குப் போக்குவரத்து ஆகிய செலவுகள் நிலையாக ஏறின. ஆனால், விலையைப் பேரங்காடிகளும் மெக்சிகோவிலிருந்து வரும் மலிவான தக்காளியுமே நிர்ணயித்தன. போதாக்குறைக்குத் தக்காளியைத் தாக்கும் பழுப்புச் சுருக்க நச்சுயிரி உலகெங்கும் பரவி, டெக்சஸ் பைங்குடில்களின் விளைச்சலையும் குறைத்தது. இந்நச்சுயிரி மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. எனினும் பழத்தின் தோற்றத்தைக் கெடுப்பதால் அது விலை போவதில்லை.

கஞ்சாவுக்கு மாற்றம்

கனடா அரசு கஞ்சாவைப் பெரியவர்களின் பயன்பாட்டுக்குச் சட்டப்படி அனுமதிக்கப்போகின்றது என்பது தெரிந்த பின்னர், 2017 ஆம் ஆண்டு எமரால்டு ஹெல்த் தெரப்பியூட்டிக்ஸ் என்ற நிறுவனத்துடன் இணைந்து 'ப்யூர் சன்ஃபார்ம்ஸ்' என்ற கூட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. டெல்டாவின் மூன்றாவது பைங்குடில் (ஏறத்தாழ 11 இலட்சம் சதுர அடி) இதற்கு அளிக்கப்பட்டது. 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2020 நவம்பரில் ப்யூர் சன்ஃபார்ம்ஸ் முழுமையாக வில்லேஜ் ஃபார்ம்ஸ் வசமானது.

இம்மாற்றத்தில் நிறுவனத்துக்கு இருந்த சாதகம் எளிமையானது. கொதிகலன், நீர்ப்பாசனக் குழாய், மின் இணைப்பு, பயிற்சி பெற்ற தொழிலாளர் ஆகிய அனைத்தும் ஏற்கனவே இருந்தன. கஞ்சா குறுகிய பகல் பொழுதில் பூக்கும் செடி. எனவே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருள் தரும் திரைகளும், கூடுதல் விளக்குகளும், பாதுகாப்பு ஏற்பாடுகளுமே புதிதாகத் தேவைப்பட்டன. அதே காலத்தில் பல நிறுவனங்கள் கடன் வாங்கியும் பங்குகளை விற்றும் புதிய கூடங்களைக் கட்டிக்கொண்டிருந்தன.

விலை வீழ்ச்சியும் தீர்வையும்

சட்டம் வந்த முதல் சில ஆண்டுகளிலேயே கனடாவின் உற்பத்தி தேவையை விஞ்சியது. மொத்த விற்பனை விலை சரிந்தது. 2020 மார்ச்சில் கனோபி குரோத் நிறுவனம் ஆல்டர்குரோவ், டெல்டா ஆகிய இடங்களில் இருந்த தன் பெரும் பைங்குடில்களை மூடியது. ஏறத்தாழ 500 பேர் வேலை இழந்தனர். சட்டம் எத்தகையதாயினும் கஞ்சாவும் ஒரு வேளாண் விளைபொருளே என்பதையும், மிகுதியாக விளைந்தால் தக்காளியைப் போன்றே விலை விழும் என்பதையும் இது காட்டியது.

விலை வீழ்ச்சியின் சுமையைக் கலால் தீர்வை பன்மடங்காக்கியது. உலர்ந்த கஞ்சாப் பூவுக்கு ஒரு கிராமுக்கு 1 கனடிய டாலர் அல்லது உற்பத்தியாளர் விலையில் 10 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அதுவே தீர்வை என விதிக்கப்பட்டது. விலை கிராமுக்கு 10 டாலராக இருக்குமாயின் இரண்டும் சமம். விலை 4 டாலராகும்போது அதே 1 டாலர் 25 விழுக்காடாகின்றது. 2 டாலராகும்போது பாதியாகின்றது. விலை குறைந்தாலும் தீர்வை குறைவதில்லை. மலிவாக விளைவிக்கத் தெரிந்தவருக்கும் விற்பனையில் பெரும்பங்கு அரசுக்கே போகின்றது. கனடாவில் பல உற்பத்தியாளர்கள் தீர்வை நிலுவையுடனேயே நொடித்துப் போயினர்.

விற்பனையிலும் கட்டுப்பாடுகள் உண்டு. பெரும்பாலான மாகாணங்களில் மொத்தக் கொள்முதல் மாகாண அரசு வாரியத்தின் கையில் உள்ளது. விளம்பரம் கடுமையாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகவே நற்பெயரைக் கொண்டு கூடுதல் விலை பெறும் வாய்ப்பு குறைவு. உற்பத்திச் செலவைக் குறைப்பதே முதன்மையான ஆயுதம்.

இழப்பு ஆண்டுகள்

2021 ஆகஸ்டில் நிறுவனம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த பாலன்ஸ்டு ஹெல்த் பொட்டானிக்கல்ஸ் என்ற நிறுவனத்தை 75 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இது சணல்வகைக் கஞ்சாவிலிருந்து போதை தராத வேதிப்பொருளைப் பிரித்து விற்கும் நிறுவனம். அப்பொருளை உணவில் சேர்க்க அமெரிக்க அரசு முறையான விதி வகுக்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. வாங்கிய சொத்தின் மதிப்பைக் கணக்கில் குறைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

ஆண்டு வாரியான நிலை (அமெரிக்க டாலரில், தோராயமாக):

2022: விற்பனை 294 மில்லியன், நிகர இழப்பு 101 மில்லியன்
2023: விற்பனை 286 மில்லியன், நிகர இழப்பு 32 மில்லியன்
2024: விற்பனை 336 மில்லியன், நிகர இழப்பு 36 மில்லியன்

இவ்வெண்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, 2022 ஆம் ஆண்டு இழப்பில் பெரும்பகுதி மதிப்புக் குறைப்பு போன்ற கணக்கியல் பதிவுகளால் வந்தது. அவ்வளவு பணமும் அந்த ஆண்டில் கையை விட்டுப் போகவில்லை. எனினும் அச்சொத்தை வாங்கக் கொடுத்த பணமும் பங்குகளும் திரும்பாதவை. இரண்டாவது, 2024 இல் விற்பனை உயர்ந்தும் இழப்பு குறையவில்லை. விற்பனை வளர்ச்சி மட்டுமே ஒரு நிறுவனத்தின் நலத்துக்குச் சான்றாகாது.

பங்குச் சந்தை இதனை முன்னரே உணர்த்தியது. 2021 பிப்ரவரியில் 15 டாலருக்கு மேல் விற்ற பங்கு, 2023 இல் 1 டாலருக்கும் கீழே இறங்கியது. நாஸ்டாக் சந்தையில் தொடர்ந்து 30 வணிக நாட்கள் 1 டாலருக்குக் கீழ் இருக்கும் பங்கின் நிறுவனத்துக்கு எச்சரிக்கை அனுப்பப்படும். சரிசெய்யாவிடின் அப்பங்கு பட்டியலிலிருந்து நீக்கப்படலாம். வில்லேஜ் ஃபார்ம்ஸ் இவ்வெச்சரிக்கையைப் பெற்றுப் பின்னர் மீண்டது. 2023 சனவரியில் புதிய பங்குகளை விற்று ஏறத்தாழ 25 மில்லியன் டாலர் திரட்டியபோது பழைய பங்குதாரர்களின் உரிமை விகிதம் குறைந்தது.

2025 ஆம் ஆண்டுச் சீரமைப்பு

2025 மே மாதத்தில் காய்கறிப் பிரிவின் சொத்துகளில் ஒரு பகுதி வான்கார்டு ஃபுட் என்ற புதிய நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. ஈடாக 40 மில்லியன் டாலர் ரொக்கமும் அந்நிறுவனத்தில் 37.9 விழுக்காடு உரிமையும் கிடைத்தன. டெல்டாவின் முதலாம், இரண்டாம் பைங்குடில்கள் நிறுவனத்திடமே இருந்தன. இதன் பின்னர் 2025 இன் இரண்டாம், மூன்றாம் காலாண்டுகளில் இலாபம் காட்டப்பட்டது. இரண்டாம் காலாண்டு இலாபத்தில் ஒரு பகுதி சொத்து மாற்றத்தால் ஒருமுறை மட்டும் வந்தது. அது ஆண்டுதோறும் வருவதன்று.

காய்கறிப் பிரிவு பிரிந்த சில வாரங்களில், 2025 சூலை 14 அன்று, மெக்சிகோவுடனான தக்காளி உடன்படிக்கையிலிருந்து அமெரிக்கா விலகி, பெரும்பாலான மெக்சிகோ தக்காளிக்கு 17.09 விழுக்காடு வரி விதித்தது. இவ்வரியால் வரக்கூடிய நன்மையில் வில்லேஜ் ஃபார்ம்சுக்கு வான்கார்டு வழியாக ஒரு பங்கே உண்டு.

எதிர்கால வாய்ப்புகளும் இடர்களும்

நிறுவனத்தின் நம்பிக்கை ஏற்றுமதியில் உள்ளது. 2024 ஏப்ரல் 1 முதல் செருமனியில் கஞ்சா போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு மருத்துவப் பயன்பாடு எளிதாக்கப்பட்டதால் அந்நாட்டின் இறக்குமதி விரைந்து பெருகியது. ஏற்றுமதிச் சரக்குக்குக் கனடியக் கலால் தீர்வை கிடையாது. ஆகவே ஒரே பூ வெளிநாட்டில் விற்கும்போது கூடுதல் இலாபம் தருகின்றது. நெதர்லாந்தில் சில நகராட்சிகளில் நடைபெறும் சட்டப்பூர்வ விநியோகச் சோதனையில் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களுள் இதன் துணை நிறுவனமான லெலி ஹாலந்தும் ஒன்று. இத்தேவையைக் கருதி, டெல்டாவின் இரண்டாம் பைங்குடிலில் எஞ்சிய பாதியையும் கஞ்சாவுக்கு மாற்றும் திட்டம் 2025 இல் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் இவ்வாய்ப்புகள் அனைத்தும் அரசுகளின் விதிகளைச் சார்ந்தவை. செருமனி இறக்குமதியை இறுக்கினால் ஏற்றுமதி இலாபம் சுருங்கும். அமெரிக்காவில் 2025 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம் சணல்வகைக் கஞ்சாப் பொருட்களுக்கு ஓராண்டுக்குப் பின் கடும் வரம்பு விதித்தது. 2025 டிசம்பரிலோ கஞ்சாவைத் தளர்வான மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் பணியை விரைவுபடுத்துமாறு அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஆணையிட்டார். ஒன்று கதவை மூடுவது, மற்றொன்று திறக்கக்கூடியது. செருமனிச் சந்தையை நாடிப் பிற நாட்டு உற்பத்தியாளர்களும் வருவதால், கனடாவில் நேர்ந்த மிகை உற்பத்தி அங்கும் நேரலாம்.

குறைந்த செலவில் விளைவிக்கும் திறன் இந்நிறுவனத்தை நெருக்கடியில் தப்பிக்கச் செய்தது. விலை வீழ்ச்சியையும் தீர்வையையும் அத்திறனால் மாற்ற இயலவில்லை. வரும் ஆண்டுகளில் இதன் நிதிநிலையை மதிப்பிட விரும்புவோர் மொத்த விற்பனையைவிட, ஏற்றுமதியின் பங்கு, தீர்வை கழித்த பின் கிடைக்கும் வருவாய், செயற்பாட்டிலிருந்து வரும் ரொக்கம் ஆகிய மூன்றையும் காலாண்டுதோறும் கவனிப்பது பயன் தரும்.